வாசகர் கேள்விகள்: கார் ஸ்டார்ட் ஆகாதபோது எங்கே தொடங்குவது?

அண்மையில் வந்த கேள்விகளில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்திருந்தாலும், சாவியைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை என்ற ஒரே குறையைச் சொல்லியிருந்ததால் அவற்றை இங்கே சேர்த்துப் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்களில் ‘எதை மாற்ற வேண்டும்?’ என்ற கேள்விதான் இருந்தது. எதை அளந்து பார்த்தோம் என்ற விவரம் அவற்றுள் ஒன்றிலும் இல்லை.

திருச்சி வாசகர்: என் பெட்ரோல் காருக்கு வயது ஒன்பது. சில மாதங்களாகக் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுற்றுவதில்லை. நான்கைந்து முறை திருப்பிய பிறகு திடீரென்று ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பேட்டரி போய்விட்டது என்றார்கள். புதிதாக வாங்கிப் போட்டும் குறை தீரவில்லை. இப்போது செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: மோட்டார் பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு என்றாலும், அதை உறுதிசெய்யாமல் மாற்ற வேண்டாம். பேட்டரியையும் உறுதிசெய்யாமல்தானே மாற்றினீர்கள்!

ஸ்டார்ட் ஆகவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு தனித்தனிக் குறைகளைக் குறிக்கும். எஞ்சின் சுற்றவே இல்லையென்றால் குறை பேட்டரி, கம்பிகள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றுக்குள் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையென்றால் பெட்ரோல், தீப்பொறி, சென்சார் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். முதல் வகைக் குறைக்குப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும், இரண்டாம் வகைக் குறைக்குப் பேட்டரி வாங்குவதும் வீண் செலவு. உங்கள் கார் முதல் வகையைச் சேர்ந்தது.

அந்த ‘டக்’ சத்தம் செல்ஃப் மோட்டாரின் மேல் அமர்ந்திருக்கும் சொலனாய்டிலிருந்து வருகிறது. சாவி திரும்பியதும் அதற்குள் இருக்கும் இரும்புத் தண்டு இழுக்கப்பட்டு, ஒரு பக்கம் பற்சக்கரத்தை எஞ்சினோடு கோக்கிறது. மறுபக்கம் ஒரு செம்புத் தகட்டை இரண்டு தடித்த முனைகளின் மேல் அழுத்தி மோட்டாருக்கு மின்சாரத்தை விடுகிறது. சத்தம் கேட்டும் மோட்டார் சுற்றவில்லையென்றால் சாவியும் சுவிட்சும் தம் வேலையைச் செய்துவிட்டன என்று பொருள். இதற்கு மாறாக, ‘டகடகடக’ என்று தொடர்ச்சியான சத்தம் வந்தால் அது பெரும்பாலும் பேட்டரியின் பலவீனம்: சொலனாய்டு இழுத்ததும் மோட்டார் மின்சாரத்தைக் குடிக்கிறது, வோல்ட் சரிகிறது, சரிந்ததால் சொலனாய்டு விடுபடுகிறது, விடுபட்டதும் வோல்ட் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. உங்களுக்குக் கேட்பது ஒற்றைச் சத்தம் என்பதால் பேட்டரியை முதல் குற்றவாளி ஆக்கியிருக்க வேண்டியதில்லை.

விளக்கு எரிவதையும் ஹாரன் அடிப்பதையும் வைத்துப் பேட்டரியைத் தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஒரு முகப்பு விளக்கு 5 ஆம்பியர் அளவுக்கே எடுக்கும். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாரோ 100 முதல் 200 ஆம்பியர் வரை கேட்கும். ஆகையால் விளக்கு எரிவது பேட்டரிக்கு நற்சான்று ஆகாது. முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பும்போது அதன் ஒளி என்ன ஆகிறது என்பதைக் கவனித்தால் பயன் உண்டு. ஒளி அடியோடு படுத்துவிட்டால் பேட்டரி இளைத்திருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை, அல்லது மோட்டார் இறுகிப்போயிருக்கிறது. ஒளி சற்றும் குறையவில்லையென்றால் மோட்டாருக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை.

இதற்கு மேல் ஒரு மல்டிமீட்டர் தேவை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். இரவு முழுவதும் நின்ற காரில், சாவி போடும் முன்பு, பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. அடுத்து, பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஃபியூஸ் இல்லாததால் எஞ்சின் பற்றிக்கொள்ளாது, நிதானமாக அளக்கலாம். எஞ்சின் சுற்றும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

உங்கள் குறை ஒளிந்திருக்கக்கூடிய இடங்களில் முக்கியமானது, பேட்டரியின் நெகட்டிவை எஞ்சின் உடலோடு இணைக்கும் எர்த் கம்பி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தண்டின் மேலும் (அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் அல்ல), மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகப் பகுதியின் மேலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் காட்டினால் பிழையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கம்பியோ அதன் போல்ட்டோ துருவேறியிருக்கிறது. இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்றால், 150 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். எஞ்சியதை வைத்து மோட்டார் சுற்றாது. அந்தத் தடை எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய வெள்ளைப் படலமாகக்கூட இருக்கலாம். இதே முறையில் பாசிட்டிவ் தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை அளக்க வேண்டும். அங்கும் அரை வோல்ட்தான் எல்லை.

‘டக்’ சத்தம் வரும் அதே நொடியில் பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேலேயே நிற்க, மோட்டாரின் போல்ட்டிலும் அந்த 12 வோல்ட் முழுமையாக வந்து சேர, எஞ்சின் அசையாமல் இருந்தால், அப்போது மட்டும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள். அப்போதும் முழு மோட்டாரையும் வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து முறை திருப்பினால் ஒருமுறை எடுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, சொலனாய்டின் செம்பு முனைகள் கருகியிருப்பதற்கும், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருப்பதற்கும் உரிய அடையாளம். மோட்டாரின் உடலை ஸ்பேனரால் மெல்லத் தட்டியதும் எடுத்தால் பெரும்பாலும் கார்பன்தான். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இவை இரண்டையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். செலவு புது மோட்டாரின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும்.

தஞ்சாவூர் வாசகர்: மகளைப் பார்க்க வெளிநாடு சென்று நாற்பது நாள் கழித்துத் திரும்பினோம். கார் அசையவில்லை, உள்விளக்குகூட எரியவில்லை. பேட்டரிக்கு ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. எங்கோ மின்கசிவு இருக்கிறது என்கிறார் மெக்கானிக். அது உண்மையா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அணைத்து நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், கணினி நினைவகம் ஆகியவை கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பானது என்று கொள்வது வழக்கம். அந்த அளவிலேயே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, நாற்பது நாளைக்கு 48 ஆம்பியர்-மணி செலவாகும். சிறிய கார்களில் வரும் பேட்டரியின் முழுக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணிதான். ஆகவே குறையே இல்லாத காரும் நாற்பது நாளில் இந்த நிலைக்கு வரக்கூடும்.

பேட்டரியைக் கழற்றி, 3 அல்லது 4 ஆம்பியரில் மெதுவாக, ஓர் இரவு முழுவதும் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் சும்மா வைத்து அளந்தால் 12.4-க்கு மேல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், காலியாகவே கிடந்ததில் ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் இறுகிவிட்டது என்று கொண்டு மாற்றிவிடலாம்.

கசிவைச் சோதிப்பது எளிது. நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பேட்டரித் தண்டுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து, கதவுகளை மூடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காரின் கணினிகள் உறங்கப் போக அவ்வளவு நேரம் ஆகும். அவசரப்பட்டு முதல் நிமிடத்தில் அளந்துவிட்டுக் கசிவு என்று சொல்பவர்கள் உண்டு. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டர் எரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. என் அனுபவத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை, வெளிக்கடையில் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் கருவி, டேஷ் கேமரா, டிக்கி மூடிய பின்பும் அணையாத டிக்கி விளக்கு ஆகியவை.

மெக்கானிக் ஒருவேளை, வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, எஞ்சின் அணையாமல் ஓடினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ நன்றாக இருக்கிறது என்று காட்ட முன்வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அம்பாசிடர் காலத்துச் சோதனை அது. இன்றைய காரில் அப்படிக் கழற்றும் கணத்தில் எகிறும் மின்னழுத்தம் கணினியையே கொன்றுவிடக் கூடும். டைனமோவைச் சோதிக்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று அளந்தால் போதும்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கம்பி போட்டு எடுப்பதானால், சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பைப் பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும், கடைசி முனையை உங்கள் எஞ்சினின் உலோகத்தில் பேட்டரியிலிருந்து தள்ளியும் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் அந்தப் பொறி அதனருகில் பறக்கக் கூடாது.

சேலம் வாசகர்: ஏற்காடு ஏறிப் போய், மேலே டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் பற்றுவதில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸ் நிலையத்துக்கு எடுத்துப் போனால் அங்கே எந்தக் குறையும் தெரிவதில்லை.

பதில்: குறிப்பாக எழுதியதற்கு நன்றி. சூடாக இருக்கும்போது வருகிறது, ஆறியதும் போகிறது என்ற இரண்டு விவரங்களே பாதிக் குறையைக் கண்டுபிடித்துவிட்டன.

பழைய கார்பரேட்டர் வண்டிகளில் இதே நிலை வந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டது என்று பொருள். மலைப்பாதையில் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுக் காத்திருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் உயர் அழுத்தத்தில் இருப்பதால் அது எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே நான் முதலில் சந்தேகிப்பது கிராங்க் சென்சாரைத்தான். எஞ்சினின் தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது அந்தச் சென்சார். அது பேசாவிட்டால் எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது பொறி விடுவது என்று கணினிக்குத் தெரியாது, ஆகவே இரண்டையும் நிறுத்திவிடும். பல கார்களில் சென்சாருக்குள் இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அதில் விரிசல் விழுந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிய எஞ்சினின் சூட்டில் விரிந்து தொடர்பு அறுகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது காற்றோட்டம் இருக்கும். நிறுத்திய பின் அது இல்லாததால் முதல் பத்து, இருபது நிமிடங்களுக்குச் சூடு இன்னும் கூடும். டீ குடித்துவிட்டு வரும் நேரம் அதற்குச் சரியாகப் பொருந்திவிடுகிறது.

அடுத்த முறை அங்கேயே, ஆறுவதற்கு முன்பே, மூன்று காரியங்களைச் செய்யுங்கள். சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, பின் இருக்கைக்கு அடியில் இரண்டு நொடி ‘ம்ம்’ என்று பெட்ரோல் பம்பின் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் பம்ப், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே, ஃபியூஸ் என்று போக வேண்டும். சூட்டில் நின்று ஆறியதும் ஓடும் பம்புகளும் உண்டு. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு அது சீக்கிரம் வரும், ஏனெனில் தொட்டிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். இரண்டாவதாக, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் சற்றாவது எழுகிறதா என்று கவனியுங்கள். எல்லாக் கார்களிலும் இது பொருந்தாது. நல்ல நிலையில் உங்கள் காரில் எழும் முள் அப்போது மட்டும் பூஜ்யத்திலேயே கிடந்தால் கிராங்க் சென்சாரின் மேல் சந்தேகம் வலுக்கிறது. மூன்றாவதாக, டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கார் அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஒரே வளையத்தில் வேறொரு வண்டியின் சிப் சாவியும் தொங்கினால்கூடச் சில கார்கள் குழம்பும்.

சர்வீஸ் நிலையத்துக்குப் போவதானால் ஆறிய காரைக் காட்டிவிட்டு மட்டும் வராமல், ஸ்கேனரில் பதிவாகியிருக்கும் பழைய பிழைக் குறிகளைப் படிக்கச் சொல்லுங்கள். பி0335 என்று இருந்தால் அது கிராங்க் சென்சார் சுற்றைக் குறிக்கும். சென்சாரைக் குறை சொல்லும் முன் அதற்குப் போகும் வயரையும் அதன் இணைப்பு முனையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எலி கடித்த வயர் இதே நாடகத்தை நடத்தும்.

குன்னூர் வாசகர்: டிசம்பர், ஜனவரிக் காலையில் என் டீசல் ஜீப் நெடுநேரம் சுற்றி, வெண்புகை கக்கிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது. பகலில் பிரச்சினை இல்லை.

பதில்: டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, அழுத்தத்தில் சூடேறிய காற்றே அதைப் பற்றவைக்கிறது. மலைக் குளிரில் அந்தச் சூடு போதாது என்பதால்தான் உள்ளே சூடேற்றும் குளோ பிளக் வைத்திருக்கிறார்கள். எரியாத டீசல்தான் வெண்புகையாக வருகிறது. டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். காத்திருந்தும் இப்படியென்றால் நான்கு குளோ பிளக்குகளையும் ஓம் அளவில் சோதிக்கச் சொல்லுங்கள். நல்லது ஒரு ஓம் அளவிலோ அதற்கும் குறைவாகவோ காட்டும், செத்தது எதையும் காட்டாது. நான்கும் சரியாக இருந்தால் ரிலேயைப் பார்க்க வேண்டும். டீசல் ஃபில்டர் மாற்றிய மறுநாள் தொடங்கிய குறை என்றால் குளிரைப் பழிக்க வேண்டாம். குழாயில் காற்று புகுந்திருக்கிறது, கை பம்பால் அடித்து வெளியேற்ற வேண்டும்.

சென்னை, முடிச்சூர் வாசகர்: மழைநீர் கார் இருக்கை வரை நின்று வடிந்துவிட்டது. இரண்டு நாள் வெயிலில் காய்ந்திருக்கிறது. ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது, சாவியை ‘ஆன்’ நிலைக்குக்கூடத் திருப்ப வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், நீர் சுருங்காது. செல்ஃப் அடித்த ஒரே வேகத்தில், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடக் கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற கார்களுக்கு இதே ஆபத்துதான் இருந்தது. வெயிலில் காய்வது வெளித்தகடு மட்டுமே.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, படங்கள் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பியைப் போல் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருப்பது உறுதி. பட்டறையில் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். நீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயன்றதால் வரும் சேதத்தைச் சாதாரணப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவுக்குப் பணம் கட்டியிருக்கிறீர்களா என்று பாலிசியில் பாருங்கள்.

மதுரை வாசகர்: ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா? எங்கள் தெருவில் நான்கு பேர் தள்ளிப் பார்த்துவிட்டார்கள்.

பதில்: எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் காரை நாற்பது பேர் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. சக்கரத்தின் சுழற்சி எஞ்சினுக்குப் போய்ச் சேரக் கியர்பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரும் பம்ப்பைச் சுற்றுவது எஞ்சின்தான். தள்ளுவதற்கு முன் நீங்கள் செய்திருக்க வேண்டியது வேறு. ஆட்டோமேட்டிக் காரில் கியர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் இருந்தால்தான் செல்ஃபுக்கு மின்சாரம் போகும்; அதைக் கண்டுணரும் சுவிட்ச் தேய்ந்துவிட்டால் ‘பி’-யில் இருந்தும் கார் அதை நம்பாது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் இல்லையென்றால், பிரேக்கை மிதித்துக்கொண்டு நெம்புகோலை ‘என்’-னுக்கு நகர்த்தி ஒருமுறை முயன்று பாருங்கள். அங்கே எடுத்துவிட்டால் சுவிட்சைச் சரிசெய்யச் சொன்னால் போதும். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், சாவிக்குள் இருக்கும் சிறு செல் தீர்ந்திருந்தாலும் இப்படித்தான் மௌனமாக இருக்கும். பல கார்களில் சாவியைப் பட்டனோடு ஒட்ட வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்து அழுத்தினால் எடுத்துவிடும். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.